பேனாவைப் பார்த்தால் நாலு

நாலு இட்லி வைக்கட்டுமா என்று உங்கள் அம்மா கேட்டால் நான் மூன்று போதும் என்பேன். பிறகு இன்னொன்று கேட்டு வாங்கிக்கொள்வேன். இதைப் பார்த்து நீங்கள் இருவரும் சிரிப்பீர்கள். "அப்பாவுக்கு நாலுன்னு சொன்னா நாக்கு சுளுக்கிக்கும்" என்பாள் பெரியவள். சின்னவன் வேண்டுமென்றே, "ரெண்டும் ரெண்டும் எத்தனைப்பா?" என்று கேட்பான். நானும் சிரித்து மழுப்பியிருக்கிறேன். காரணத்தை வாயால் சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன். பத்தாவது வரை படித்தவன். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

கல்யாணத்துக்கு முன்னால் சாத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் நான் மருந்து அறையில், அதாவது வெடிமருந்து வேலை நடக்கிற அறையில், இருந்தேன். அது உங்களுக்குத் தெரியும். அங்கே அறைகளை ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளிக் கட்டியிருப்பார்கள், ஒன்று வெடித்துப் போனாலும் அடுத்தது நிற்க வேண்டும் என்று. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஓர் அறைக்கு நாலு பேர்தான் என்று சுவரில் பெயிண்டில் எழுதியிருக்கும். ஆனால் தீபாவளி சீசன் வந்துவிட்டால் லாரி லோடுக்காக வாசலிலேயே நிற்கும். ஃபோர்மேன் ஆறு பேரை, ஏழு பேரை ஓர் அறையில் உட்கார வைப்பார். சோதனைக்கு வருகிற அதிகாரிகளின் ஜீப் சத்தம் கேட்டால் கூடுதல் ஆட்கள் பின்வாசல் வழியாக ஓடிப்போய் வேலிக்கருவை முள்ளுக்குள் உட்கார்ந்துகொள்ள வேண்டும். மற்ற நாலு பேரும் தலையை நிமிர்த்தாமல் வேலை பார்க்க வேண்டும்.

"ஏலே, நல்லாக் கேட்டுக்கோங்க" என்று ஃபோர்மேன் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதல் நாளே சொல்வார். "பேப்பரும் பேனாவுமா எவன் வந்து எம்புட்டுன்னு கேட்டாலும் நாலுன்னு சொல்லு. உங்கப்பன் பேரைக் கேட்டாலும் நாலுன்னு சொல்லு. மத்ததை நான் பாத்துக்கிறேன்."

எல்லோரும் சிரிப்போம். சிரித்துச் சிரித்தே அது எங்கள் உடம்பில் ஏறிவிட்டது.

எங்கள் அறையில் ஓடுகிறவர்களில் எப்போதும் ஒருவன்தான் முதல் ஆள். என் வயதுக்காரன். நல்ல ஓட்டக்காரன். ஜீப் போனபின் முள் கிழித்த கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்காருவான். "நான் கணக்குல இல்லாத ஆளுடா. எமனே ஏட்டை எடுத்துட்டு வந்தாலும் கருவைக்குள்ள போய் உக்காந்துக்கிருவேன்" என்பான். அந்த அறை ஒருநாள் போய்விட்டது. அதைப் பின்னால் சொல்கிறேன். இப்போதே எழுதினால் மேலே எழுத மாட்டேன்.

அதற்குப் பிறகுதான் விருதுநகருக்கு வந்து ஆஸ்பத்திரி வேலையில் சேர்ந்தேன். ஸ்ட்ரெச்சர் தள்ளுவது, ஆபரேஷன் தியேட்டரைக் கழுவுவது, பயந்தவர்கள் கையைப் பிடித்துக்கொள்வது. அங்கே மயக்க மருந்து கொடுக்கிற டாக்டரம்மா ஒருவர் இருந்தார். கொங்கு நாட்டுப் பக்கத்தவர். ஆபரேஷன் முடிந்து பிழைத்தவர்கள் அறுத்த டாக்டரைக் கும்பிடுவார்கள். இவரை யார் என்றே தெரியாது. "தூங்க வைக்கிறவளை யாருண்ணே ஞாபகம் வச்சுக்குவாங்க?" என்று சிரிப்பார்.

அவருக்கு ஒரே ஒரு கவலை. பட்டாசுத் தீயில் வெந்து வருகிறவர்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டுப் பிரிக்க வேண்டும். ஒட்டியிருக்கும் துணியை எடுக்க வேண்டும், புண்ணைக் கழுவ வேண்டும். அதற்கு முன் ஓர் ஊசி போடுவார். அந்த ஊசியில் கண் திறந்தேயிருக்கும், ஆள் இங்கே இருக்க மாட்டார். அதிகம் போட்டால் அன்று முழுக்கச் சாப்பிட மாட்டார்கள், சாப்பிடாவிட்டால் புண் ஆறாது. குறைத்துப் போட்டால் பாதியிலேயே வலி வந்துவிடும். எவ்வளவு போட்டால் வலியும் தெரியாமல், ஒரு மணி நேரத்தில் எழுந்து கஞ்சியும் குடிப்பார்கள்? இதை முறையாகப் பார்த்து எழுத வேண்டும் என்று அவருக்கு ஆசை.

அதற்குக் கருவி வேண்டும், ஃபாரம் வேண்டும், ஆள் வேண்டும். ஆஸ்பத்திரியில் அதற்கெல்லாம் வழியில்லை. மயக்க மருந்து டாக்டர்களுக்கு என்று ஒரு சங்கம் இருக்கிறது, அந்தச் சங்கம் தன் உறுப்பினர்களின் ஆராய்ச்சிக்கு உதவித்தொகை தரும் என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"எதுல இருந்து தருவாக?" என்று கேட்டேன்.

"நாங்க எல்லாரும் சந்தா கட்டுறோம்ல, அதுல ஒரு பங்கை ஒதுக்கி வைப்பாங்க."

நம் ஊர் வியாபாரிகள் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை ஒதுக்கிப் பள்ளிக்கூடம் கட்டினார்களே, அந்த மாதிரி என்று புரிந்துகொண்டேன். ஆனால் இதில் கட்டடம் எதுவும் வராது. ஒரு கேள்வியை எழுதி அனுப்ப வேண்டும். கேள்வி நல்லதாக இருந்தால் தருவார்கள். "விடை கண்டுபிடிச்சு எழுதிக் குடுக்கணும்ணே. கண்டுபிடிக்க முடியலைன்னா, ஏன் முடியலைன்னு எழுதிக் குடுக்கணும். ரெண்டுல ஒண்ணு கண்டிப்பா குடுக்கணும்."

முதல் வருஷம் அவர் அனுப்பியதைத் திருப்பிவிட்டார்கள். வலி இருக்கிறதா என்று நோயாளியிடம் கேட்கப்போவது யார் என்று ஒரு வரி எழுதியிருந்தார்களாம். ஊசி போட்டவரே கேட்டால் அவர் மனசு கோணாமல் இருக்கப் பொய் சொல்லிவிடுவார்கள், வேறு ஆள்தான் கேட்க வேண்டும் என்பது அதன் பொருள். மறு வருஷம் டாக்டரம்மா அந்த இடத்தில் என்னை எழுதினார். பேர் இல்லை. நோயாளிகளின் ஊர்ப்பேச்சு தெரிந்த, முன்பு அதே தொழிலில் இருந்த பணியாளர் என்று. அந்த வருஷம் கிடைத்துவிட்டது. எனக்கு அன்று இருந்த பெருமையை என்ன சொல்ல! உங்கள் அம்மாவிடம், "சங்கத்துல என்னையப் பாத்துத்தான் குடுத்திருக்காக" என்றேன்.

ஃபாரம் அடிக்க நானே சிவகாசிக்குப் போனேன். பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிக்கிற பிரஸ். ஒரு கோடு, அதில் பூஜ்யத்திலிருந்து பத்து வரை எண்கள். வலியே இல்லை என்றால் பூஜ்யம், தாங்கவே முடியாது என்றால் பத்து. பிரஸ்காரர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, மொட்டையா இருக்கு? ஓரத்துல ஒரு ராக்கெட் படம் போட்டுருவமா?"

"வேண்டாம்யா. வெந்தவுகளுக்கு இது."

அவர் அன்றைக்கே அடித்துக் கொடுத்தார்.

வேலை இப்படி நடந்தது. கட்டு மாற்றி முடித்து ஆள் தெளிந்ததும், கிளிப் வைத்த அட்டையில் ஃபாரத்தைச் செருகிக்கொண்டு, பேனாவோடு நான் கட்டிலருகே போவேன். "கட்டுப் பிரிக்கையில வலி எம்புட்டுன்னு ஒரு நம்பர் சொல்லுங்க" என்பேன். ஐந்தும் அதற்கு மேலும் வந்தால் அடுத்த தடவை மருந்தைக் கூட்டுவது, நாலும் அதற்குக் கீழும் என்றால் அப்படியே விடுவது என்று டாக்டரம்மா விதி வைத்திருந்தார்.

முதல் ஆள் நாலு என்றார். அடுத்தவரும் நாலு. பிறகு ஒருவர் மூன்று என்று தொடங்கி, என் பேனாவைப் பார்த்துவிட்டு நாலு என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மருந்து நன்றாக வேலை செய்கிறது, நம் ஆட்கள் வலியில்லாமல் கிடக்கிறார்கள் என்று நினைத்தேன். நான் நினைத்ததை அப்படியே எழுதுகிறேன், மறைக்கவில்லை.

டாக்டரம்மாவுக்குத்தான் இடித்தது. "முகத்தைப் பாத்தா பல்லைக் கடிக்கிறாங்க. கேட்டா நாலுங்கிறாங்க. நீங்க சரியாத்தான் கேக்கறீங்களாண்ணே?"

"சரியாத்தான் கேக்கேம்மா."

அப்போதே அந்த நாலு எனக்கு எங்கேயோ கேட்டது போல இருந்தது. நான் அதைக் கவனிக்கவில்லை என்று சொன்னால் பொய். கவனிக்காதது போல இருந்தேன்.

அந்தச் சமயத்தில் ஒரு பெண் இருந்தாள். முதுகும் இரண்டு கைகளும் வெந்திருந்தன. வலதுகை விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிவிடாமல் தனித்தனியாகக் கட்டு போட வேண்டும். இன்னும் சில கட்டு மாற்றியபின் தொடைத்தோலை எடுத்து வைத்துவிட்டால் விரல் மடங்கும், அதற்குள் வீட்டுக்குப் போய்விட்டால் கை கரண்டி மாதிரி ஆகிவிடும் என்று அறுவை டாக்டர் சொல்லியிருந்தார். அவள் ஒவ்வொரு தடவையும் நாலு என்றாள். ஒரு திங்கட்கிழமை, வியாழக்கிழமை காலையில் கட்டு மாற்றுவதற்கு முன்னாலேயே வீட்டுக்குப் போய்விடுவேன் என்றாள்.

"ஏந்தாயி, இன்னும் கொஞ்ச நாள்தானே?"

"ஆட்டுக்குக் குழை ஒடிக்க ஆளு இல்லண்ணே."

"உன் வீட்டுக்காரரு?"

"அவரு ஒடிச்சா ஆடு திங்காது. அதுக்கும் ரோசம் இருக்குல்ல."

பக்கத்துக் கட்டில்காரி சிரித்தாள். இவளும் சிரித்தாள். உதடு மட்டும் வெடவெடவென்று ஆடியது.

மறுநாள் செவ்வாய் காலை அவளுக்கு ஊசி போட்டுக் கட்டுப் பிரித்தார்கள். நான் தலைமாட்டில் அட்டையோடு நின்றேன். கண் திறந்திருந்தது. அந்த ஊசியில் அது வழக்கம்தான். ஆனால் அவள் கண் என் கையில் இருந்த பேனாவின் மேல் வந்து நின்றது. சின்னப் பிள்ளை ஒப்பிப்பது மாதிரி பேசத் தொடங்கினாள்.

"நாலு பேருதான் சார். நாலு பேருதான் இருந்தோம். பின்வாசல்ல யாரும் இல்ல சார். அங்கன யாரும் இல்ல."

சொல்லிக்கொண்டே என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். நான் திரும்பிப் பார்த்தேன். வார்டுக் கதவு மட்டும்தான். ஆனால் பகல் பதினோரு மணிக்கு, பினாயில் வாசம் அடிக்கிற வார்டில், எனக்கு வெடிமருந்து வாசம் வந்தது. கருவை முள் கிழித்த ஒரு கை அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது.

அவள் தெளிந்தபின் கேட்டேன். "நாலுண்ணே" என்றாள். அவள் சொல்வது வலியின் அளவு இல்லை என்று எனக்கு இப்போது தெரிந்துவிட்டது. பேப்பரும் பேனாவுமாக வந்தவனுக்குச் சொல்ல வேண்டியதை அவள் சொல்கிறாள். அத்தனை பேரும் அதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். தெரிந்தும் என் கை நாலில் வட்டம் போட்டது.

ஏன் உடனே சொல்லவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். சங்கத்துக்கு அரை வருஷ அறிக்கை அனுப்ப டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்தார். எல்லா ஃபாரமும் வீண் என்றால் அவருக்குக் கொடுத்ததைத் திரும்பக் கேட்பார்களோ என்று ஒரு பயம். அது சின்னப் பயம்தான். பெரிய பயம், இதைச் சொல்ல வேண்டுமானால் என்னுடைய நாலையும் சொல்ல வேண்டும் என்பது.

அன்று வீட்டுக்கு வந்து நான் சாப்பிடவில்லை. புதன்கிழமை காலையில் அவள் கட்டிலைத் தாண்டும்போதெல்லாம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போனேன். நாளை அவள் போய்விடுவாள். விரல்கள் ஒட்டிப்போகும். மத்தியானம் டாக்டரம்மா ஓய்வறையில் டப்பாவைத் திறந்து சாப்பிட உட்கார்ந்தபோது நான் வாசலில் போய் நின்றேன்.

"என்னண்ணே, சாப்பிட்டீங்களா?"

"அம்மா, நான் ஒண்ணு சொல்லணும். நீங்க முழுசாக் கேக்கணும்."

ஃபோர்மேன் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னேன். பிறகு அந்த நாளையும் சொன்னேன். உங்கள் அம்மாவுக்குக்கூட அதுவரை சொன்னதில்லை.

அன்று எங்கள் அறையில் ஆறு பேர். குடத்தில் தண்ணீர் பிடிக்க நான் குழாய்க்குப் போனேன், உள்ளே ஐந்து பேர். குடம் நிறையவில்லை. சத்தத்தைப் பற்றி எழுதப்போவதில்லை. தீயணைப்பு வண்டிகள் வந்தன. கையில் அட்டையும் பேனாவுமாக ஒருவர், இந்த ரூம் ஆள் யார் என்று கேட்க, என்னை முன்னால் தள்ளினார்கள். "உள்ள எத்தனை பேருப்பா?" என்றார். ஃபோர்மேன் பக்கத்தில்கூட இல்லை. யாரும் என்னை மிரட்டவில்லை. என் வாய் நாலு என்றது.

நாலு பேரை எடுத்தார்கள். எடுத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்கள். நான் குழாய்த் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. நான் சொன்னது எனக்கே பிறகுதான் கேட்டது. "அஞ்சு! அஞ்சு பேரு!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். பின்சுவரைப் புரட்டினார்கள். அவன் பின்வாசலுக்கு வந்துவிட்டிருந்தான். ஓடுகிறவன் அல்லவா. சுவர்தான் மேலே விழுந்திருந்தது. உடம்பில் தீ படவேயில்லை. முதலிலேயே எடுத்திருந்தால் இருந்திருப்பானா என்று நான் எந்த டாக்டரிடமும் கேட்டதில்லை. இத்தனை வருஷம் டாக்டர்கள் நடுவில் வேலை பார்த்தும் கேட்டதில்லை.

டாக்டரம்மாவிடமும் கேட்கவில்லை. அவர் சாப்பாட்டு டப்பாவை மூடினார்.

"அப்போ இந்த ஃபாரம் எல்லாம்?"

"எழுத்து என்னோடதும்மா. நம்பர் அவுகளோடது இல்ல."

"சரி. சங்கம் இருக்கட்டும், அப்புறம் பாப்போம். முதல்ல அந்தப் பொண்ணு" என்று எழுந்தார்.

வியாழக்கிழமை அவள் புருஷன் பையோடு வந்துவிட்டான். ஒரே ஒரு கட்டு மட்டும் மாற்றிவிட்டுப் போங்கள் என்று டாக்டரம்மா கெஞ்சாத குறையாகக் கேட்டார். அதற்கு முன்னால் நான் அவளிடம் பேசினேன். அட்டை இல்லை, பேனா இல்லை, கட்டிலருகே தரையில் உட்கார்ந்துகொண்டேன்.

"தாயி, கட்டுப் பிரிக்கையில எப்படி இருக்கு?"

அவள் என் சட்டைப் பையைப் பார்த்தாள். "பேனா எங்கண்ணே?"

"வீட்டுல வச்சிட்டேன்."

"எழுதிக் கம்பெனிக்கு அனுப்புவீகளா?"

"கம்பெனிக்கு ஒண்ணும் போகாது. நானும் மருந்து ரூம்ல இருந்தவன்தான்."

அவள் என்னையே பார்த்தாள். அப்புறம் மெதுவாக, "உங்க ரூம்ல எம்புட்டுப் பேரு?" என்று கேட்டாள்.

வாய் வரைக்கும் வந்தது பழையதுதான். முழுங்கினேன்.

"ஆறு" என்றேன். "நான் தண்ணிக்குப் போயிட்டேன். உள்ள அஞ்சு."

அவள் அழத் தொடங்கினாள். இத்தனை நாளில் முதல் தடவை. "உசுரு போகுதுண்ணே. தோலை உரிச்சு உப்பைத் தேய்ச்ச மாதிரி இருக்கு. ஊசி போட்டு அங்கிட்டுப் போறேன், பாதியிலேயே இங்கன திரும்பி வந்துருதேன். வந்து பாத்தா இன்னும் பிரிச்சுக்கிட்டு இருக்காக. என்னால முடியலண்ணே." பிறகு நான் கேட்காமலே, "நாங்க ஏழு பேரு" என்றாள். நான் சரி தாயி என்றேன். எதையும் எழுதவில்லை.

அன்று டாக்டரம்மா மருந்தைக் கூட்டினார். கட்டு முடிகிற வரை அவள் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. ஒரு மணி நேரத்தில் எழுந்து கஞ்சி கேட்டாள். புருஷன் பையைத் தூக்கிக்கொண்டு, "அப்ப ஆட்டை என்னடி பண்ண?" என்றான்.

"நீரே குழை ஒடியும். ஒடிச்சாக் குறைஞ்சா போவீரு?"

அவள் இருந்துகொண்டாள். தோல் வைத்து, நாளாகி, கையை மடக்கி விரித்துக் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள். சுண்டுவிரல் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

டாக்டரம்மா சங்கத்துக்கு உள்ளதை எழுதினார். இதுவரை எழுதியவை எதுவும் செல்லாது, காரணம் இது என்று. பதில் வர நாளானது. அது வரும்வரை நான் அவர் முகத்தைப் பார்க்கப் பயந்தேன். முதலிலிருந்து மறுபடி தொடங்கலாம், ஆனால் ஏன் செல்லாமல் போனது என்பதை முதல் பக்கத்தில் எழுதுங்கள் என்று பதில் வந்தது. "உங்க விஷயத்தைச் சேக்கலாமாண்ணே, பேர் போட மாட்டேன்" என்றார். சேருங்கள் என்றேன். எங்கோ ஒரு கட்டடத்தில் என்னைத் தெரியாத டாக்டர்கள் அதைப் படித்திருப்பார்கள்.

இப்போது நான் வெறுங்கையோடு போய் உட்கார்ந்து பேசிவிட்டு, வெளியே வராந்தாவுக்கு வந்து எழுதுகிறேன். எழுதும்போது பின்னால் யாரோ நின்று எட்டிப் பார்ப்பது போல இருக்கும். நான் திரும்புவதில்லை. கொஞ்சம் நகர்ந்து உட்காருவேன், அவனும் பார்க்கட்டும் என்று.

போன மாதம் வீடு வீடாகக் கணக்கெடுக்க ஒரு பெண் வந்தாள் அல்லவா. பேப்பரும் பேனாவுமாக வாசலில் நின்று, "வீட்டுல எத்தனை பேரு சார்?" என்றாள். நான் உங்கள் அம்மாவை அடுப்படியிலிருந்து கூப்பிட்டேன். பெரியவளைக் கூப்பிட்டேன். தலையில் சோப்பு நுரையோடு நின்ற சின்னவனையும் கூப்பிட்டேன். ஒவ்வொருவரையும் தொட்டு, கடைசியில் என்னையும் தொட்டு எண்ணினேன். அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். நீங்கள் அடக்கவேயில்லை.

பிறகு நான் உள்ளே போனதை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். பின்வாசலைத் திறந்து, சுவரோரம் வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வந்துதான் அவளுக்குப் பதில் சொன்னேன்.